எழுபத்திரண்டாவது கட்டத்துக்கு அப்பால்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு கருவி இருக்கிறது. யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும் அதன் வாசலில் நின்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வரி நீண்டுவிட்டதா, பெயரில் பெரிய எழுத்து வந்துவிட்டதா, வரிக்கு முன்னால் நாலு இடம் விடுவதற்குப் பதில் மூன்று விட்டோமா, உடனே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பும். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைப்பானே ஒருவன், அவன் ஞாபகம்தான் எனக்கு வந்தது. சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்தேன். ஆபீஸ் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தச் சட்டாம்பிள்ளைக்கும் மார்ஜின் அக்காவுக்கும் முதல் நாளே ஆகவில்லை.

மார்ஜின் அக்கா என் பக்கத்து ஸீட். வயது நாற்பத்தொன்பது. இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம். நான் டெஸ்டர், அதாவது அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பவள். "பொறந்ததுலேர்ந்து உனக்கு அதானே வேலை, இப்ப சம்பளம் வேற குடுக்கிறாங்களா?" என்று என் அம்மா கேட்பாள். ஒன்பது வருஷமாக அக்காவின் புரோகிராம்களில் குற்றம் தேடியிருக்கிறேன். கிடைத்தது கொஞ்சம்தான். கிடைத்த அன்றெல்லாம் நான் போடும் ஆட்டத்தை அக்கா டீ குடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா? இப்ப வரி நம்பர் சொல்லு" என்பாள்.

மார்ஜின் என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பழைய மெஷினில் ஒவ்வொரு வரியும் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. எழுபத்திரண்டாவது கட்டம் வரைக்கும்தான் மெஷின் படிக்கும். அதற்கு அப்பால் நீங்கள் கதை எழுதினாலும் கவிதை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. அப்படி மெஷின் பார்க்காத ஓரத்தில் அடுத்த எட்டுக் கட்டத்தில், அந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் தன் பெயரின் இரண்டு எழுத்தையும் தேதியையும் குறித்து வைப்பது அங்கே வழக்கம். யார் கை வைத்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. அக்கா இருபது வருஷம் அப்படியே பழகிப்போய், புது மெஷினுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு வரி ஓரத்திலும் குறி போட்டாள். சட்டாம்பிள்ளை ஒரே நாளில் நானூறு சிவப்புக் கோடு போட்டது.

ஆபீஸ் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று புது மெஷின் தானாகவே தனி இடத்தில் எழுதி வைக்கிறது என்று ஒருவன் காட்டியதும் ரெண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அட, இது நல்லா இருக்கே! இதுக்குப் போயா நான் கை ஒடிய எழுதிட்டு இருந்தேன்?" என்றாள். மறுநாளிலிருந்து ஓரக்குறி நின்றது, மார்ஜின் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பழைய மெஷினை நினைத்து அக்கா மூக்கைச் சிந்தினாள் என்று எழுதப்போகிறேன் என்று எதிர்பார்த்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். அக்காவுக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. ஒரு சின்னத் திருத்தத்தைச் சரிபார்க்க அரை நாள் காத்திருந்த காலம் அது. இதோடு நாலாவது மெஷினுக்கு மாறுகிறாள். ஒவ்வொரு முறையும் "இவளுக்கு எங்கே வரப்போகுது" என்று ஒருவர் சொல்வதும், அவருக்கே இவள் போய்ச் சொல்லிக்கொடுக்க நேர்வதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அதற்கு அவள் வைத்திருந்த ஆயுதம் ஒரு கோப்பு. "அங்கே இங்கே" என்று தலைப்பு. பழைய இடத்து வழக்கம் ஒரு பக்கம், புது இடத்து வழக்கம் எதிர்ப்பக்கம். சிலதை எனக்கு மனப்பாடமாகவே தெரியும்.

"அங்கே: பெயருக்கு நடுவில் சிறு கோடு. இங்கே: அதே கோட்டைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், உஷார்."

"அங்கே: வரிசை ஒன்றில் தொடங்கும். இங்கே: பூஜ்யத்தில். முதல் ஆளைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போகாதே."

"அங்கே: எண்ணை வைக்கும் பெட்டி சின்னது என்றால் எண்ணின் தலையைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். இங்கே: கத்தும். கத்தினால் சந்தோஷப்படு."

இப்படி நூற்று எண்பத்து மூன்று. பழைய மெஷின் பிரிவிலிருந்து வந்தவர்கள் மட்டுமில்லை, புதிதாகச் சேர்ந்த பொடிசுகளும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். அக்காவின் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் பழைய புரோகிராமைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எல்லாமே பெரிய எழுத்து? யாரையோ தெருவுல நின்னு திட்டுற மாதிரி இருக்கு" என்றாளாம். "திட்டினாதான்டி அது வேலை செய்யும்" என்றாளாம் அக்கா.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

பஸ் டிப்போக்களுக்கு டிரைவர் டூட்டி போடும் புரோகிராம் ஒன்று எங்களிடம் உண்டு. எந்த டிரைவர், எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று வாரா வாரம் அட்டவணை போட்டுத் தரும். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அதை எழுதியது அக்கா. விதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ள டிப்போவுக்குப் போனவளிடம், "நீங்க எழுதினது தப்பு, ரெண்டு டூட்டிக்கு நடுவுல எட்டு மணி நேரம் ஓய்வு வேணும்" என்று சண்டைக்கு வந்த ஒரு டிரைவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பார் மாமா. அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இன்றும் அதே டிப்போவில்தான் ஓட்டுகிறார்.

அந்தப் புரோகிராமைப் புது மெஷினுக்கு மாற்ற வேண்டும். கையால் எழுத நேரமில்லை என்று ஒரு கருவி வாங்கினார்கள். ஒரு பக்கம் பழைய வரிகளைப் போட்டால் மறுபக்கம் புது வரிகள் வந்து விழும். அதைச் சட்டாம்பிள்ளை எடுத்து, இடைவெளிகளைச் சுருக்கி, வரிசையாக அடுக்கி, தலைவாரிப் பொட்டு வைத்து அனுப்பும். எங்கள் புராஜெக்ட் தலைவர் அந்தக் கருவியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எந்தக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் திரையைக் காட்டி "எல்லாம் பச்சை" என்பார். அதனால் அவருக்குப் பச்சைக்கொடி என்று பெயர். இது நான் வைத்ததில்லை, நம்புங்கள்.

பழைய பிரிவில் ஆறு பேர் இருந்தார்கள். புது மெஷினைப் பார்த்துக்கொள்ளும் புதுக் குழுவில் இடமில்லை என்று இரண்டு பேரை முன்பே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் கதி இந்த மாற்றம் முடிந்ததும் தெரியும். பச்சைக்கொடி அக்காவைக் கூப்பிட்டு, "பழைய விதிகள் எதுவும் மாறாம அப்படியே வந்திருக்குன்னு ஒரு சான்றிதழ் வேணும். ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் நீங்கதான். கையெழுத்துப் போடுங்க, புதுக் குழுவுல உங்க பேரை எழுதிடறேன்" என்றார். அக்காவுக்கு அந்த இடம் வேண்டும். வெட்கப்படாமல் வேண்டும் என்று என்னிடமே சொன்னாள். "இன்னும் பத்து வருஷம் வேலை செய்ய எனக்குத் தெம்பு இருக்கு. எதுக்கு வீட்டுல உட்காரணும்?"

வரும் திங்கட்கிழமை புது அட்டவணை ஓட வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, மாதிரி அட்டவணையை டிரைவர்கள் பார்க்கட்டும் என்று டிப்போவில் ஒட்டினார்கள். பத்து மணிக்கு அக்காவின் போன் அடித்தது. மாமா குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும், அதனால் நான் ஒட்டுக் கேட்கவில்லை.

"ஏம்மா, உன் புது மெஷினுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"என்னாச்சு?"

"ராத்திரி பதினொன்றரைக்கு வண்டியை விட்டுட்டு வரணுமாம். காலையில அஞ்சு மணிக்குத் திரும்ப எடுக்கணுமாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டி மாட்டறதுக்கே சரியா இருக்கும்."

"கண்ணாடி போட்டுப் படிச்சீங்களா? பக்கத்து வரியைப் பார்த்திருப்பீங்க."

"நான் மட்டும் இல்லம்மா. என்னையும் சேர்த்து இங்க ஒன்பது பேர் தலையில கையை வச்சுட்டு நிக்கிறோம்."

படம் எடுத்து அனுப்பினார். அக்கா பார்த்தாள். இடையில் ஐந்தரை மணி நேரம். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை.

இதைச் சோதித்தவள் நான். நாலு மணி ஓய்வு கொடுத்துப் பார்த்தேன், முடியாது என்றது. எட்டு கொடுத்தேன், சரி என்றது. கையைக் கழுவிவிட்டு அடுத்த விதிக்குப் போய்விட்டேன். ஐந்தையும் ஆறையும் ஏழையும் யார் சோதிப்பார்கள்? நான்தான் சோதித்திருக்க வேண்டும். ஊரில் உள்ளவர்கள் குற்றத்தையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

அக்கா புதுப் புரோகிராமைத் திறந்தாள். ஓய்வு விதி அழகாக, இடைவெளி பிசகாமல் இருந்தது. "ஓய்வு எட்டு மணி இருந்தால் டூட்டி போடு, அல்லது ஐந்து மணி இருந்தால் போடு." அந்த "அல்லது" வரைக்கும் படித்தவள் அப்படியே கையை எடுத்துவிட்டாள். பிறகு பழைய புரோகிராமைத் திறந்தாள். அங்கே வரி "எட்டு மணி இருந்தால் போடு" என்பதோடு முடிந்திருந்தது. அக்கா அம்புக்குறியை வலது பக்கம் தள்ளினாள். வெற்றிடம். இன்னும் தள்ளினாள். ஓரக்குறி வந்தது, அவளுடைய இரண்டு எழுத்தும் தேதியும். அதற்கும் அப்பால், தொண்ணூறாவது கட்டத்தில், தனியாக உட்கார்ந்திருந்தது: "அல்லது ஐந்து மணி இருந்தால்."

"நான்தான்டி," என்றாள் அக்கா. "நானேதான்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய வெள்ளம் வந்தது. பாதி டிரைவர்கள் வேலைக்கு வர முடியவில்லை. நிலைமை சரியாகும்வரை ஐந்து மணி ஓய்வு போதும் என்று மேலிடத்து உத்தரவு. அக்கா அந்த வார்த்தைகளைச் சேர்த்தாள். பதினோரு நாளில் தண்ணீர் வடிந்தது. எடுத்துவிடு என்று போன் வந்தது. திரும்ப வெள்ளம் வந்தால் தேவைப்படுமே என்று அக்கா அதை அழிக்கவில்லை. வரியில் வெற்றிடத்தை நிரப்பி, அந்த வார்த்தைகளை எழுபத்திரண்டுக்கு அப்பால் தள்ளிவிட்டாள். மெஷின் அங்கே படிக்காது. வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். அதற்கு ஒரு பெயர்கூட உண்டு, "ஓரத்தில் நிறுத்துவது."

புதுக் கருவிக்கு எழுபத்திரண்டு என்ற கணக்கே கிடையாது. ஓரக்குறியை மட்டும் வெறும் குறிப்பு என்று கழித்துவிட்டு வரியை முழுசாகப் படித்தது. சட்டாம்பிள்ளை நடுவில் கிடந்த வெற்றிடத்தைப் பார்த்து, என்ன இது அலங்கோலம் என்று இழுத்து ஒட்டிவிட்டது. டிரைவர்கள் போதுமான அளவு இருந்த வாரங்களில் அது வெளியே தெரியவில்லை. நிறையப் பேர் லீவு கேட்டிருந்த இந்த வாரம் தலையைத் தூக்கிவிட்டது.

"உன் அங்கே இங்கே கோப்புல இது இல்லையே அக்கா. நூத்தி எண்பத்து மூணு எழுதினியே," என்றேன்.

"எழுதலையே. இது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்."

அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. புது மெஷினில் இருபது வரியில் ஒரு சின்னக் கருவி எழுதினாள். பழைய புரோகிராம் முழுவதையும் படித்து, ஓரக்குறிக்கு அப்பால் ஏதாவது கிடக்கிறதா என்று தேடும் கருவி. சட்டாம்பிள்ளை அதை ஒரு சிவப்புக் கோடு இல்லாமல் முதல் தடவையே உள்ளே விட்டது. வேறு நாளாக இருந்தால் அதற்கே நான் விசிலடித்திருப்பேன். கருவி நாற்பத்தோரு வரிகளைக் கொண்டுவந்து போட்டது. ஒவ்வொன்றும் யாரோ எப்போதோ ஓரத்தில் நிறுத்திவிட்டு மறந்துபோனது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவரவர் குறி. ஒன்பது அக்காவுடையவை. மற்றவை பெரும்பாலும் வேலையை விட்டுப் போனவர்களுடையவை. நாலு வரிகளில் இருந்த குறியைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். அது பச்சைக்கொடியின் பெயரெழுத்து.

"இவரு பழைய மெஷின்ல வேலை செஞ்சாரா?"

"மூணு வருஷம், கீழ் மாடியில. இப்ப அதை யாருகிட்டயும் சொல்றதில்ல," என்றாள் அக்கா.

சாயங்காலம் அவர் அறைக்குப் போனாள். கண்ணாடி அறை, கதவு சரியாகச் சாத்தாது. நாற்பத்தோரு வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, திருத்தி, எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க மூன்று வாரம் வேண்டும் என்றாள். ஓய்வு விதி தன் கைவேலை என்றாள், மற்றவை யார் யார் குறி என்று சொல்லவில்லை.

"தேதி அறிவிச்சாச்சு," என்றார் அவர். "திங்கட்கிழமை ஓடட்டும். அப்புறம் சத்தமில்லாம ஒவ்வொண்ணா சரிபண்ணிக்கலாம். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

"மூணு வாரம் அஞ்சு மணி தூக்கத்துல பஸ் ஓட்டுவாங்களா சார்?"

"கருவி பச்சை காட்டியிருக்கு. உங்க ஒருத்தருக்குத்தான் சந்தேகம். இன்னொண்ணும் சொல்றேன், இது உங்க தப்பு. வெளியே தெரிஞ்சா கஷ்டம் உங்களுக்குத்தான்."

"அப்ப வெளியே நானே சொல்லிடறேன்," என்று எழுந்து வந்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த நாலு வரியை அவர் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வர வேண்டியதுதானே அக்கா!" என்றேன்.

"அது அவரு சொல்ல வேண்டியது. என்னோட ஒன்பதை நான் சொல்றேன்."

அன்று அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் வீடுவரை போனேன். மாடிப்படி ஏறி மூன்றாவது கதவு. மாமா காக்கிச் சட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், தன் கைவேலை என்பது உட்பட. மாமா காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு, "சண்டை போட்டு எட்டு மணி நேரம் வாங்கினேன். கல்யாணம் பண்ணிட்டு அதுலயும் மூணு மணி நேரத்தைத் திருடிட்டியே," என்றார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"வேலை போயிடுமாம்மா?" என்று மகள் நேராகவே கேட்டாள்.

"போகலாம்."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்கு அந்த இடம் வேணும்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுடு. நான் மூணு வாரம் லீவு எழுதிக் குடுத்துடறேன்."

"நீங்க லீவு போட்டுடுவீங்க. அந்த எட்டுப் பேரு? அவங்க வண்டியில ஏறுறவங்க? எல்லாரும் லீவு போடுவாங்களா?"

"அதுக்கில்ல..."

"எதுக்கும் இல்ல. இவ தினமும் காலையில காலேஜுக்கு எதுல போறா? உங்க டிப்போ பஸ்லதானே?"

மாமா எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் போடும் டீ வாயில் வைக்க முடியாது. அன்று நாங்கள் மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். டிப்போவிலிருந்து டூட்டி அதிகாரி வந்திருந்தார். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி தொங்கவிட்ட, சிரித்தே பார்க்காத அம்மா. பச்சைக்கொடி திரையைப் போட்டார். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிகள், பிழை பூஜ்யம், எல்லாம் பச்சை. சான்றிதழை அக்காவின் முன்னால் நகர்த்திப் பேனாவையும் மேலே வைத்தார்.

அக்கா பேனாவை எடுத்து ஓரமாக வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள்.

பேனா மறுபடி அவள் பக்கம் நகர்ந்து வந்தது.

"இதைப் பத்தி நாம அப்புறம்..." என்று ஆரம்பித்தார் பச்சைக்கொடி.

"அப்புறம் இல்ல சார், இப்பவே. மேடம், உங்க டிரைவர்களுக்கு எட்டு மணி நேர ஓய்வு இந்தப் புரோகிராம்ல கிடைக்காது. அஞ்சு மணி நேர ஓய்வுக்கே அடுத்த டூட்டி போட்டுடும். காரணம் நான். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி நான் அழிச்சிருக்க வேண்டிய ஒரு விதியை அழிக்காம, மெஷின் பார்க்காத ஓரத்துல தள்ளி வச்சேன். புது மெஷின் பார்த்துடுச்சு. இது மாதிரி இன்னும் நாற்பது இருக்கு. மூணு வாரம் குடுங்க, எல்லாத்தையும் சரிபண்ணித் தர்றேன். அதுக்கு முன்னாடி ஓட விட்டா, யாராவது ஸ்டியரிங் மேலேயே தூங்கிடுவாங்க."

"நானும்தான் மேடம்," என்றேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. "நான் சரியா சோதிக்கல."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பச்சைத் திரையைப் பார்க்கவில்லை. பச்சைக்கொடியிடம், "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திங்கட்கிழமை ஓட விட்டா எட்டு மணி நேரம் கிடைக்குமா, கிடைக்காதா?" என்று கேட்டார்.

பச்சைக்கொடி திரையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "கிடைக்காது," என்றார்.

"அப்ப மூணு வாரம் எடுத்துக்குங்க," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார் அந்த அம்மா.

அந்த மூன்று வாரமும் அக்காவும் நானும் தலைநிமிரவில்லை. ஒரு மணி நேர ஓய்விலிருந்து பன்னிரண்டு மணி நேர ஓய்வு வரை ஒன்றுகூட விடாமல் சோதித்தேன். நாற்பத்தோரு வரிகளில் பதினேழு யாருக்கும் தீங்கில்லாதவை. மற்றவை பழைய பஸ் தடங்கள், ஒழிந்துபோன டிப்போக்கள், ஒரு திருவிழாக்கூட்டத்துக்கு விட்ட தற்காலிக பஸ்கள். இல்லாத தடத்துக்கு டிரைவரை அனுப்பிவிட்டு அவரைத் தேடிக்கொண்டிருந்திருப்போம். வேண்டாதவற்றை அக்கா அழித்தாள். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது வாயால் "போ" என்றாள். "அங்கே இங்கே" கோப்பில் நூற்று எண்பத்து நாலாவதாக எழுதினாள். "அங்கே: எழுபத்திரண்டுக்கு அப்பால் இருப்பது கண்ணில் படாது. இங்கே: எல்லாம் கண்ணில் படும். வேண்டாம் என்றால் அழி. ஓரத்தில் நிறுத்தாதே. இது எனக்கு நானே எழுதிக்கொண்டது."

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை புது அட்டவணை ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா மாமாவுக்கு போன் பண்ணினாள், எடுக்கவில்லை. முந்தின இரவு பதினொன்றரைக்கு வண்டி விட்டவர். "தூங்கறாரு," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவு பெருமையாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சந்தோஷம் பத்தரை வரைக்கும்தான். பணியாளர் பிரிவிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள் அங்கே வேலை பார்க்கும் பெண். நடந்ததற்கு விளக்கம், அக்காவே எழுதிக் கொடுத்தது போல அவர்களே தட்டச்சு செய்திருந்தார்கள். இதில் அக்கா கையெழுத்துப் போட்டு, பிறகு பச்சைக்கொடியும் போட்டால் விஷயம் முடிந்தது, புதுக் குழுவில் பெயர் நிற்கும். அவர் போடாவிட்டால் மாதக் கடைசியோடு வேலை இல்லை. முதல் இரண்டு பத்தியில் அக்காவின் தப்பு. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கடைசியில் ஒரு வரி: "வாடிக்கையாளர் முன்னிலையில் அனுமதியின்றிப் பேசியதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்."

அக்கா அந்த வரியில் விரலை வைத்தாள். "இது வேண்டாம்மா."

அந்தப் பெண் நல்லவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "சார்தான் கண்டிப்பா சேர்க்கச் சொன்னாரு அக்கா. நான் வேணா சின்ன எழுத்தாக்கி, கீழே ஓரமா தள்ளி விட்டுடறேன். ஓரத்துல இருக்கிறதை யாரு படிக்கப்போறாங்க?"

நான் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "மேலே ரெண்டு பத்தியும் நான் பண்ணின தப்பு. பத்துத் தடவை வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா பேசினதுக்கு நான் வருத்தப்படல. நாளைக்கும் பேசுவேன். வருத்தப்படலைன்னா அந்த வரி இருக்கக் கூடாது. ஓரத்துலயும் இருக்கக் கூடாது. அந்தக் கோப்பை இங்க அனுப்பு."

கோப்பு வந்தது. அக்கா திறந்து, அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை தேர்ந்தெடுத்து, அழித்தாள். அழித்த இடத்தில் வெற்றிடம் மிச்சமிருக்கிறதா என்று அம்புக்குறியை வலது பக்கம் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். இல்லை. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அதன் பின்னால் நாற்பத்தோரு வரிகளின் பட்டியலையும் வைத்துப் பின் அடித்தாள், ஓரக்குறிகள் அப்படியே இருக்க. எடுத்துக்கொண்டு பச்சைக்கொடியின் அறைக்குப் போனாள்.

கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கதவு சரியாகச் சாத்திவிட்டது, சனியன். அவர் கடிதத்தைப் படித்தார். கீழே தேடினார், காகிதத்தைத் திருப்பினார். என்னவோ கேட்டார், அக்கா என்னவோ சொன்னாள். பிறகு பட்டியலுக்கு வந்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு இடத்தில். நாலு தடவை நின்றதை நான் எண்ணினேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னாரா, சொல்லியும் இவள் உட்காரவில்லையா, தெரியாது.

கடைசியில் அக்கா வெளியே வந்தாள். கையில் கடிதம் இருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். கீழே அவர் கையெழுத்து. பட்டியலில் நாலு வரிகளுக்கு எதிரே மையால் சின்னதாக "நான்" என்று எழுதியிருந்தது.

"என்ன கேட்டாரு அக்கா?"

"இந்தக் குறியெல்லாம் இருக்கணுமான்னு கேட்டாரு. வேண்டாததை அழிச்சாச்சு சார், இது வேண்டியதுன்னு சொன்னேன்."

"அப்புறம் இவ்வளவு நேரம் என்ன பண்ணாரு?"

"பேனா எழுதலைன்னு சொன்னாரு," என்றாள் அக்கா. "என் பேனாவைக் குடுத்தேன்."